இரண்டிலும் "48 வோல்ட்" என்றுதான் எழுதியிருக்கிறது: பழைய லித்தியமும் புதிய லித்தியமும் ஒரே கபானாவில்

கொழும்பில் குடியிருப்பு, அப்புத்தளைப் பக்கமோ நக்கிள்ஸ் அடிவாரத்திலோ கற்பிட்டிக் கரையிலோ ஒரு சின்னக் கபானா, அதாவது விடுமுறைக் குடில். மின்சார லைன் அங்கே போகாது, அல்லது கம்பம் நட்டு இழுக்கக் கேட்கும் தொகைக்குச் சோலாரே மலிவு. முதலில் பஞ்சிகாவத்தைப் பழைய வாகனச் சாமான் கடைகளில் எடுத்த பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் பற்றரி மொடியூல்களோடு (சில செல்கள் அடங்கிய பெட்டிகள்) காரியம் ஓடிவிடுகிறது. பிறகு பிரிட்ஜ் வருகிறது, தண்ணீர் மோட்டர் வருகிறது, விடியுமுன்னே இன்வேர்ட்டர் கத்தத் தொடங்குகிறது. புதிய எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பொஸ்பேற்று) பற்றரி ஒன்று வாங்குவதென்று முடிவாகிறது. பழையதில் இன்னும் பாதிக்கு மேல் உயிர் இருக்கிறது. அதையும் புதியதோடு சேர்த்துப் பூட்டலாமா என்ற கேள்வியில்தான் பலரும் நின்றுவிடுகிறார்கள்.

"இரண்டும் 48 வோல்ட்தானே, பரலலாகக் கொடுங்கள்" என்று கடையில் சொல்வார்கள். பரலல் என்றால் கூட்டலைக் கூட்டலோடும் கழித்தலைக் கழித்தலோடும் இணைப்பது. 48 என்பது லேபிள். உள்ளே இருக்கும் இரசாயனம் எந்த வோல்ட்டில் நிறைகிறது, எதில் காலியாகிறது, இடையில் எப்படி இறங்குகிறது என்பதைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பழையதை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்கென்று தனி வேலை கொடுங்கள். ஒரே பஸ்பாரில் (கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் செப்புப் பட்டை) பூட்டுவது சில நிபந்தனைகள் முழுதாகப் பொருந்தினால் மட்டும்.

கணக்குப் பார்க்க ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 550 வாட் சோலார் பலகை 4. புதிய பற்றரி 16 செல், 100 அம்பியர் மணி, அதாவது 5.1 யுனிட் (கிலோவாட் மணி). பழையது 14 லீஃப் மொடியூல் (ஏழு ஏழாகத் தொடரில், இரண்டு வரிசை பரலலில்), இப்போது சுமார் 4 யுனிட் தாங்கும். பிரிட்ஜ், விளக்கு, மின்விசிறி, வைஃபை, மோட்டர், ரைஸ் குக்கர் எல்லாம் சேர்ந்து நாளுக்கு 3 யுனிட். வெயில் நாளில் இந்தப் பலகைகள் 8 யுனிட் வரை தரும். அன்றைக்குப் புதிய பற்றரி ஒன்றே போதும். தென்மேல் பருவ மழையில் மலைப்பக்கம் இரண்டு மூன்று நாள் மூட்டமாகவே கிடக்கும்போதுதான் பழைய பற்றரி தேவைப்படும். அதாவது நீங்கள் தேடுவது தினமும் உழைக்கும் இரண்டாவது பற்றரி அல்ல, மழைநாளுக்கான கையிருப்பு. இதை மனதில் வைத்தால் கீழே வரும் தெரிவுகள் வேறு வெளிச்சத்தில் தெரியும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, வோல்ட் எல்லை. இரண்டு தொகுதிகளின் காலி எல்லையும் நிறைவு எல்லையும் எவ்வளவு பொருந்துகின்றன? அட்டவணையில் என்எம்சி என்பது நிக்கல்-மங்கனீசு-கோபால்ட் வகை லித்தியம், எல்டிஓ என்பது லித்தியம் டைட்டனேற் வகை.

| வகை | ஒரு செல் (காலி–நிறைவு, வோல்ட்) | தொடராகச் செல் | தொகுதி (காலி–நிறைவு, வோல்ட்) |
|---|---|---|---|
| எல்எஃப்பி | 2.5–3.65 | 16 | 40–58.4 |
| என்எம்சி | 3.0–4.2 | 14 | 42–58.8 |
| என்எம்சி | 3.0–4.2 | 13 | 39–54.6 |
| லீஃப், முதல் தலைமுறை | 3.0–4.2 | 14 (7 மொடியூல்) | 42–58.8 |
| எல்டிஓ | 1.8–2.7 | 20 | 36–54 |

இரண்டாவது, கரண்ட் பங்கீடு. சார்ஜ் ஆகும்போதும் இறங்கும்போதும் எந்தப் பற்றரி எவ்வளவு சுமக்கிறது? மூன்றாவது, ஒன்றின் பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்து, எல்லை மீறினால் பற்றரியைத் துண்டிக்கும் மின்பலகை) திடீரென்று கழன்றுகொண்டால் மற்றதற்கு என்ன ஆகிறது? நான்காவது, இடம்: மரக் கபானாவா, கல் சுவரா, கற்பிட்டி வெக்கையா, அப்புத்தளை மூடுபனியா? ஐந்தாவது, பில்லில் வராத செலவு. வோல்ட் மாற்றும் கருவியில் போகும் நட்டம், இன்வேர்ட்டர் சும்மா நிற்கும்போது குடிக்கும் மின், கூடுதல் பியூஸ், கேபிள். ஆறாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: நீங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும்போது கபானாவில் வொட்சர் (காவலாளி) மட்டும்தான் இருப்பார். பழுது வந்தால் அவர் போனில் கேட்டு ஒரு சுவிச்சைத் திருப்பிச் சரிசெய்யக்கூடிய அமைப்பா, இல்லையா?

## வழி 1: ஒரே பஸ்பாரில் நேரடியாக

அடியில் குழாயால் இணைத்த இரண்டு தண்ணீர்த் தாங்கிகளைப் போலத்தான் பரலல் பற்றரிகள். மட்டம் எப்போதும் ஒன்றாகிவிடும். தாங்கியில் மட்டம் என்பது இங்கே வோல்ட். ஒரே வோல்ட்டில் ஒவ்வொரு இரசாயனமும் வெவ்வேறு அளவு நிறைந்திருக்கும் என்பதுதான் சிக்கல்.

எல்எஃப்பி 80 சதவீதத்திலிருந்து 20 சதவீதம் வரை இறங்கும்போது அதன் செல் ஏறத்தாழ 3.33இலிருந்து 3.25 வோல்ட்டுக்குத்தான் வரும். தொகுதியாகப் பார்த்தால் 53.3இலிருந்து 52 வோல்ட். அதே நேரத்தில் 14 செல் என்எம்சியின் (லீஃபின் எல்லையும் இதுவே) ஒரு செல் 3.81இலிருந்து 3.71க்கு வருகிறது. அது சுமார் 60 சதவீதத்திலிருந்து 48 சதவீதம்தான். எல்எஃப்பி தன் பெரும்பகுதியைக் கொடுத்து முடிக்கும்போது என்எம்சி தன்னிடம் இருப்பதில் எட்டில் ஒரு பங்கைத்தான் கொடுத்திருக்கும்.

சார்ஜ் நிறுத்தத்தை 55.2 வோல்ட்டில் வைத்தால் எல்எஃப்பி செல் 3.45இல் நிறைந்துவிடும், என்எம்சி செல் 3.94இல், முக்கால் பங்கைச் சற்றே தாண்டி நிற்கும். சூரியன் இறங்கியதும் முதலில் கொடுப்பது என்எம்சிதான், 60 சதவீதம் வரை. அதன்பின் இரவு முழுக்க எல்எஃப்பி சுமக்கிறது. எல்எஃப்பி 10, 15 சதவீதத்துக்கு வந்து வோல்ட் சரியத் தொடங்கிய பிறகே என்எம்சி மீண்டும் கைகொடுக்கிறது. இன்வேர்ட்டரை 50 வோல்ட்டில் வெட்டவைத்தால் எங்கள் உதாரணத்தின் 4 யுனிட் பழைய பற்றரியிலிருந்து கிடைப்பது 2 யுனிட்டுக்குச் சற்று மேல். லீஃப் செல்களில் வோல்ட் இறங்கும் வளைவு சற்று வேறு. ஆனாலும் கதை இதேதான்.

இது மோசமான முடிவல்ல. பழைய செல் 80 சதவீதத்துக்கு மேல் போகாமல், அடியும் தொடாமல், நடுவிலேயே வாழ்கிறது. ஆயுளுக்கு அதுவே நல்லது. மழைநாளில் தானாகவே கையிருப்பாக மாறுகிறது. ஆகவே 16 செல் எல்எஃப்பியும் 14 செல் என்எம்சியும் வோல்ட் கணக்கில் ஒத்துப்போகும் ஜோடிதான். எல்எஃப்பியை அதன் உச்சமான 58.4 வரை ஏற்றினாலும் என்எம்சி செல் 4.17ஐத் தாண்டாது.

ஆபத்து 13 செல் தொகுதியில் இருக்கிறது. மின்சார சைக்கிள், ஸ்கூட்டர் பற்றரிகளில் "48 வோல்ட்" என்று வருவது பெரும்பாலும் 13 செல். அதன் நிறைவு 54.6. எல்எஃப்பிக்காக 56.8 வைத்திருக்கும் சோலார் சார்ஜ் கன்ட்ரோலரில் இதைப் பூட்டினால் ஒவ்வொரு செல்லும் 4.37 வோல்ட்டுக்குத் தள்ளப்படும். இடையில் நிற்பது அந்தப் பற்றரியின் மலிவு பிஎம்எஸ் ஒன்றுதான். அது ஒருநாள் வேலை செய்யாமல் போனால் தீ. 13 செல்லை எல்எஃப்பியோடு எந்தக் காரணத்துக்காகவும் பரலலாகப் பூட்டாதீர்கள். லேபிளை நம்பாமல், அதன் சொந்தச் சார்ஜர் எந்த வோல்ட்டில் நிறுத்துகிறது என்று பாருங்கள்: 54.6 என்றால் 13, 58.8 என்றால் 14.

வோல்ட் பொருந்தினாலும் பிஎம்எஸ் பிரச்சினை போகாது. ஒரு வெயில் மதியம். பலகைகளிலிருந்து 42 அம்பியர் வந்துகொண்டிருக்கிறது. எல்எஃப்பியில் ஒரு செல் மற்றவற்றை முந்தி 3.65ஐத் தொட்டதும் அதன் பிஎம்எஸ் சார்ஜை மூடிவிடுகிறது. முழு 42 அம்பியரும் பக்கத்துப் பற்றரிக்குத் திரும்புகிறது. அது 14 லீஃப் மொடியூல் என்றால் தாங்கும். 15 அம்பியருக்கு மேல் ஏற்றக்கூடாத 30 அம்பியர் மணி ஸ்கூட்டர் பற்றரி என்றால் அதன் பிஎம்எஸ்ஸும் கழன்றுவிடும். இப்போது கன்ட்ரோலருக்கு முன்னால் பற்றரியே இல்லை; டிசி வோல்ட் ஒரு கணத்தில் எகிறும், அதில் அடிபடுவது இன்வேர்ட்டர். அதனால் நிபந்தனை இது: இரண்டில் எது தனித்து நின்றாலும் முழுச் சார்ஜ் கரண்டையும் முழு லோட் கரண்டையும் அது ஒன்றே தாங்க வேண்டும்.

கழன்ற பற்றரி மீண்டும் சேரும் கணமும் பொல்லாதது. இடையில் 4 வோல்ட் வித்தியாசம் வந்துவிட்டது, கேபிளும் செல்லும் பிஎம்எஸ்ஸும் சேர்ந்த தடை 60 மில்லிஓம் என்றால், பாயும் கரண்ட் 67 அம்பியர். சின்னப் பிஎம்எஸ்ஸின் மொஸ்ஃபெட்டுகள் (கரண்டைத் திறந்து மூடும் மின்னணுச் சுவிச்சுகள்) ஒட்டிக்கொண்டு, பிறகு எந்த எல்லையிலும் திறக்காமல் போவது இப்படித்தான். அப்படிப் போனது வெளியே தெரியாது, அதுதான் இதில் பயப்பட வேண்டிய விஷயம்.

மறைந்த செலவுகள் மூன்று. இன்வேர்ட்டர் ஒரு பற்றரியின் பிஎம்எஸ்ஸோடு மட்டுமே கேபிளில் பேசும். மற்றது அதன் கண்ணுக்குத் தெரியாது. எனவே அந்தப் பேச்சுவார்த்தையைத் துண்டித்து, வோல்ட்டை மட்டும் நம்பி ஓட்ட வேண்டும். பொதுவான ஷண்ட் (கரண்டை அளக்கும் கருவி) மொத்தக் கரண்டைத்தான் எண்ணும், ஆகவே திரையில் வரும் சதவீதம் யாருடையது என்றே சொல்ல முடியாது. ஒவ்வொரு பற்றரிக்கும் ஒரு ஷண்ட் வாங்குங்கள். மூன்றாவது, ஒவ்வொரு பற்றரிக்கும் தனிப் பியூஸ், தனி டிசி பிரேக்கர்.

செய்வதென்றே முடிவானால் செட்டிங் இவ்வளவு: சார்ஜ் 55.2 வோல்ட், அதில் 15 முதல் 30 நிமிடம், ஃப்ளோட் (நிறைந்த பின் பிடித்து வைக்கும் வோல்ட்) 54, இன்வேர்ட்டர் வெட்டுவது 50, மீண்டும் எழுவது 52.5, ஈக்குவலைஸ் (ஈய அமிலப் பற்றரிக்கான கூடுதல் வோல்ட் சார்ஜ்) முற்றாக நிறுத்தம். முதன்முதலாக இணைக்குமுன் இரண்டையும் தனித்தனியே சார்ஜ் செய்து, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, மல்டிமீட்டரில் பாருங்கள். வித்தியாசம் 0.1 வோல்ட்டுக்குள் வராமல் பிரேக்கரைப் போடாதீர்கள். இன்வேர்ட்டரின் கப்பாசிட்டர்களை 25 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் வழியாகச் சில விநாடி நிரப்பிய பிறகே நேரடியாக இணையுங்கள். இல்லாவிட்டால் பிரேக்கரின் முனை முதல்நாளே கருகும்.

யாருக்குப் பொருந்தும்: பழையது 14 செல், அளவில் பெரியது, நல்ல பிஎம்எஸ் உள்ளது, வீட்டுக்காரரே மீட்டர் பிடிக்கத் தெரிந்தவர், மாதம் ஒருமுறையாவது நேரில் போகிறவர். இவர் இந்த வழியில் குறைந்த சாமானோடு நல்ல பலன் எடுப்பார்.

## வழி 2: நடுவில் ஒரு டிசி-டிசி மாற்றி

புதிய எல்எஃப்பி இன்வேர்ட்டரில். பழைய பற்றரி அதற்கென்று ஒதுக்கிய பலகையிலும் சின்னக் கன்ட்ரோலரிலும் தனியே. இடையில் 48க்கு 48 வோல்ட் டிசி-டிசி மாற்றி ஒன்று, பழையதிலிருந்து புதியதுக்கு மெதுவாக ஊட்டுகிறது. இரண்டு வோல்ட்டும் ஒன்றையொன்று தொடாது. 13 செல் பற்றரியைக்கூட இந்த வழியில் பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம். இதன் பெரிய பலம் அது.

8 அம்பியர் மாற்றி என்றால் சுமார் 400 வாட். இரவு 10 மணி நேரத்தில் பழைய பற்றரி முழுவதையும் கடத்திவிடலாம். பத்தில் ஒரு பங்கு அளவு வெப்பமாகப் போகும். அந்த வெப்பம் மாற்றியின் தகட்டில் இறங்குவதால், அதைப் பற்றரிப் பெட்டிக்குள் பூட்டாமல் வெளியே சுவரில் பூட்டுங்கள்.

பலர் தவறுவது மாற்றியின் தெரிவில். வெறும் மின்வழங்கியாகச் செய்த மாற்றி, பற்றரியைக் கண்டதும் எல்லை மீறிக் கரண்ட் கொடுக்கப் பார்த்து, நின்று நின்று துடிக்கும். கரண்டை ஒரே அளவில் பிடித்து நிறுத்தக்கூடிய, சார்ஜருக்கென்றே செய்த மாற்றி வேண்டும். வெளியீட்டு வோல்ட்டை 53.6 அளவில் வைத்தால் எல்எஃப்பி நிறைந்திருக்கும்போது அது தானாக ஓய்ந்துவிடும். அதோடு, பழைய பற்றரி 47 வோல்ட்டுக்கு இறங்கினால் மாற்றியை நிறுத்தும் வோல்ட் ரிலே ஒன்று. இந்த ரிலேயை மிச்சம் பிடித்தவர்கள் பழைய பற்றரியைக் காலியாக்கித் தொலைக்கிறார்கள்: மாற்றி சும்மா நின்றாலும் சிறிது குடித்துக்கொண்டே இருக்கும், ஆள் போகாத இரண்டு மாதத்தில் செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போய்விடும்.

யாருக்குப் பொருந்தும்: செல் எண்ணிக்கை பொருந்தாத, ஆனால் அளவில் பெரிய பழைய பற்றரி வைத்திருப்பவர், ஒரே இன்வேர்ட்டரிலேயே எல்லாம் ஓட வேண்டும் என்பவர். நல்ல மாற்றியின் விலையைப் பழைய பற்றரியில் மிஞ்சியிருக்கும் யுனிட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2 யுனிட்டுக்குக் குறைந்த பற்றரிக்கு இந்தச் செலவு தகாது.

## வழி 3: தனித்தனி அமைப்பு, தனித்தனி வேலை

பெரும்பாலானோருக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். எல்எஃப்பி பிரிட்ஜையும் மோட்டரையும் சமையலறைச் சாமானையும் பார்த்துக்கொள்கிறது. பழையது விளக்கு, வைஃபை, கமரா, போன் சார்ஜ் ஆகியவற்றை. ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும். இரவில் இன்வேர்ட்டர் போனாலும் விளக்கும் போனும் இருக்கும். காட்டுப்பக்கம் இருக்கிற வீட்டில் இது சின்ன விஷயமல்ல.

இங்கே மறைந்திருக்கும் பெரிய செலவு இரண்டாவது இன்வேர்ட்டர். சந்தையில் வரும் மலிவான 3, 5 கிலோவாட் இன்வேர்ட்டர்கள் ஒரு பல்ப்கூட எரியாதபோதும் 40 வாட் அளவில் குடிக்கும். 24 மணி நேரத்துக்கு அது கிட்டத்தட்ட 1 யுனிட். பழைய பற்றரியில் இருப்பதே 4 யுனிட் என்றால், கால்பங்கு ஒன்றுமே செய்யாமல் போய்விடுகிறது. ஆகவே பழைய பற்றரிக்குப் பெரிய இன்வேர்ட்டர் வேண்டாம். 48இலிருந்து 12 வோல்ட்டுக்கு இறக்கும் சின்ன மாற்றி ஒன்றைப் போட்டு, 12 வோல்ட் எல்இடி விளக்கு, ரூட்டர், கமரா எல்லாவற்றையும் டிசியிலேயே ஓட்டுங்கள். ரூட்டரின் அடப்டரில் பெரும்பாலும் 12 வோல்ட் என்றே எழுதியிருக்கும். ஏசியாக மாற்றித் திரும்ப டிசியாக்கும் வீண்வேலை மிச்சம்.

மழைநாள் கையிருப்பு வேண்டுமே என்றால், 1 கிலோவாட் அளவில் ஒரு சின்னப் பியூர் சைன் இன்வேர்ட்டரைப் பழைய பற்றரியில் அணைத்தபடி வைத்து, பிரிட்ஜ் லைனுக்கு மட்டும் சேஞ்ச் ஓவர் சுவிச் போடுங்கள். 1, 0, 2 என்று மூன்று நிலையுள்ள, நடுவில் முழுதாக வெட்டும் வகை. நியூட்ரலும் சேர்ந்து மாற வேண்டும். இரண்டு இன்வேர்ட்டரின் நியூட்ரலை ஒன்றாக முறுக்கி வைத்தால் ட்ரிப் சுவிச் காரணமில்லாமல் விழும், சில நேரம் இன்வேர்ட்டரே போகும். சுவிச்சுக்கு மேலே தமிழிலோ சிங்களத்திலோ வொட்சருக்குப் புரியும்படி எழுதி ஒட்டுங்கள். "பெரிய இன்வேர்ட்டர் நின்றால் கைப்பிடியை 2க்குத் திருப்பு" என்ற ஒரே வரி போதும்.

பலகைகளைப் பிரிக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. 550 வாட் பலகையின் திறந்த வோல்ட் (எதோடும் இணைக்காதபோது காட்டுவது) 50ஐ ஒட்டியிருக்கும். இரண்டைத் தொடராகப் போட்டால் 100. "100 வோல்ட் கன்ட்ரோலர் சரியாகப் போகும்" என்று தோன்றும். நுவரெலியாப் பக்கம் தை மாத விடியலில் 5 செல்சியஸுக்கு இறங்கும்போது பலகையின் வோல்ட் நூற்றுக்கு ஐந்து அளவில் ஏறி 105ஐத் தொடும். கன்ட்ரோலர் அன்றே போய்விடும். 150 வோல்ட் தாங்கும் எம்பிபிடி வகைக் கன்ட்ரோலர் எடுங்கள்.

யாருக்குப் பொருந்தும்: கொழும்பிலிருந்து எப்போதாவது போகிறவர்கள், வொட்சரை நம்பியிருப்பவர்கள், பழைய பற்றரி 13 செல்லோ 14 செல்லோ என்ற கவலையே வேண்டாம் என்பவர்கள்.

## வழி 4: பழையதை விட்டுவிட்டு ஒரே வகை

பழைய பற்றரியில் 2 யுனிட்கூட மிஞ்சவில்லை, அல்லது மொடியூல் வயிறு உப்பத் தொடங்கிவிட்டது என்றால் யோசிக்க வேண்டாம். மாற்றி, ரிலே, இரண்டாவது கன்ட்ரோலர், ஷண்ட், பியூஸ் எல்லாம் சேர்ந்தால் இன்னொரு எல்எஃப்பி தொகுதியின் விலையில் கணிசமான பங்கு வந்துவிடும். 16 செல் எல்எஃப்பியோடு இன்னொரு 16 செல் எல்எஃப்பியைப் பரலலாகப் பூட்டலாம். வயதோ அளவோ வேறாக இருந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொன்றுக்கும் தன் பிஎம்எஸ், தன் பியூஸ் இருந்தால் போதும். வளைவு ஒன்றாக இருப்பதால் பங்கீடும் ஏறத்தாழச் சீராகிவிடும்.

மரக் கபானாவுக்கும், படுக்கையறைக்கு ஒட்டிய இடத்தைத் தவிர வேறு இடமில்லாத வீட்டுக்கும் இது ஒன்றே தெரிவு. என்எம்சி செல் கட்டுமீறிச் சூடாகும்போது அதன் நேர்முனைப் பொருளே ஆக்சிஜனை வெளியிடுகிறது; மூடி அணைக்க முடியாது. எல்எஃப்பி அந்த வகையில் மிகவும் பொறுமைசாலி.

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| | ஒரே பஸ்பார் | டிசி-டிசி | தனித்தனி | ஒரே வகை |
|---|---|---|---|---|
| 13 செல் பழைய பற்றரி | கூடவே கூடாது | முடியும் | முடியும் | தேவையில்லை |
| பழையதில் பயன்படும் பங்கு | சுமார் பாதி | பெரும்பகுதி, பத்தில் ஒன்று நட்டம் | பெரும்பகுதி | இல்லை |
| பில்லில் வராத செலவு | இரண்டு ஷண்ட், பியூஸ், செட்டிங் | மாற்றி, வோல்ட் ரிலே, கன்ட்ரோலர் | கன்ட்ரோலர், 12 வோல்ட் வயரிங் | பழையதை அப்புறப்படுத்துவது |
| ஒன்று விழுந்தால் | மற்றதையும் இழுக்கலாம் | மற்றது தப்பும் | மற்றது தப்பும் | எல்லாம் நிற்கும், இரண்டு தொகுதி இருந்தால் பாதி |
| வொட்சரால் சமாளிக்க | கடினம் | நடுத்தரம் | எளிது | எளிது |

## அடிக்கடி கேட்கப்படும் மற்ற ஜோடிகள்

எல்எஃப்பியும் ஈய அமிலமும். பலர் நினைப்பதைவிட நன்றாக ஓடும். எல்எஃப்பியின் 52, 53 வோல்ட்டில் ஈய அமிலம் எப்போதும் நிறைந்தே கிடக்கும், மோட்டர் எழும்பும் கணத்திலும் எல்எஃப்பி முடிந்த பிறகும்தான் உதவும். ஆனால் ஈய அமிலத்தில் ஒரு செல் ஷோர்ட் ஆனால் மீதி 23 செல்லும் 2.3 வோல்ட் வாங்கி இரவுபகலாகக் கொதித்து ஐதரசன் விடும், எல்எஃப்பியையும் உறிஞ்சும். நாலைந்து வயதான டியூபுலர் வகை ஈய அமிலப் பற்றரியைப் புதிய லித்தியத்தோடு பூட்டாதீர்கள்.

எல்டிஓ. நீண்ட ஆயுள், வெக்கையைத் தாங்கும். ஆனால் 20 செல் தொகுதி எல்எஃப்பியோடு பரலலில் எப்போதும் நிறைந்தே நிற்கும், வேலை செய்யாது. உறைபனியிலும் சார்ஜ் ஆகும் என்பது அதன் பெருமை. நம் ஊர்க் கூரைக்குள் அதற்கு வேலையில்லை. விலைக்குத் தகாது.

பிரியஸ், அக்குவா பற்றரிகள். ஹைபிரிட் என்று லீஃபோடு ஒரே கடையில் அடுக்கியிருப்பார்கள். பெரும்பாலானவை நிக்கல் வகை, லித்தியமே அல்ல. எதோடும் சேர்க்க வேண்டாம்.

தொடராகக் கலப்பது. இரண்டு 24 வோல்ட், வெவ்வேறு வகை, ஒன்றன்பின் ஒன்றாக. எந்த நிலையிலும் இல்லை. முதலில் காலியாகும் பற்றரி மற்றதால் தலைகீழாகத் தள்ளப்படும்.

## எந்த வழியானாலும் பெட்டியும் பியூஸும்

ஏசிக்கான சாதாரண பிரேக்கரை டிசியில் போடாதீர்கள். 50 வோல்ட் டிசியின் தீப்பொறி தானாக அணையாது, உள்ளேயே எரியும். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் டிசி என்று அச்சிட்ட பிரேக்கர் கிடைக்கும். சிலவற்றில் கூட்டல், கழித்தல் பக்கம் குறித்திருக்கும், மாற்றிப் பூட்டினால் வெட்டாது. எல்எஃப்பி ஷோர்ட் ஆனால் ஆயிரக்கணக்கான அம்பியர் கொடுக்கும், அதற்குக் கிளாஸ் T (Class T) பியூஸ், பற்றரி முனைக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு கிட்ட. 5 கிலோவாட் இன்வேர்ட்டர் 116 அம்பியர் வரை இழுக்கும்: 35 சதுர மில்லிமீற்றர் கேபிள், 150 அம்பியர் பியூஸ்.

லீஃப் மொடியூல்களையும் என்எம்சியையும் வீட்டுக்கு வெளியே, கல் கட்டிய சின்ன அறையில் வையுங்கள். மேலும் கீழும் காற்றுத் துளை, துளைக்கு நெருக்கமான வலை. வலை கட்டாயம்: பிஎம்எஸ் பலகையின் இளஞ்சூட்டுக்குப் பல்லி வந்து ஒட்டும், இரண்டு செப்புத் தடத்தைச் சேர்த்துச் செத்துக் கிடக்கும், எறும்பு அதைத் தொடரும். அப்புத்தளை மூடுபனியில் வெறும் செப்பு லக்குகள் (கேபிள் முனையில் நெருக்கும் வளையங்கள்) ஒரே மழைக்காலத்தில் பச்சை பூக்கும். கற்பிட்டி உப்புக் காற்றில் இன்னும் சீக்கிரம். வெள்ளீயம் பூசிய லக் எடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 50 அம்பியர் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் மீட்டரை வையுங்கள். 10 மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பைக் கழற்றி, துடைத்து, மீண்டும் இறுக்குங்கள்.

## பஞ்சிகாவத்தையில் இன்னும் சில மொடியூல் சேர்க்கப் போகிறவர்களுக்கு

இருக்கும் 14 மொடியூலுக்கு ஜோடியாக இன்னும் சில மொடியூல் வாங்க நினைத்தால், கடையிலேயே இதைச் செய்யுங்கள். லீஃப் மொடியூலில் மூன்று முனை இருக்கும். நடுமுனையிலிருந்து இரு பக்கமும் தனித்தனியே அளந்து பாருங்கள்; 0.05 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் என்றால் வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். தகட்டின் மேல் நேரான அடிமட்டத்தை வைத்தால் உப்பல் தெரியும். உப்பியது இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்து செல்லுக்கு 3.9 வோல்ட் வரை ஏற்றி, எதோடும் சேர்க்காமல் இரண்டு வாரம் வையுங்கள். மற்றவற்றைவிட 0.03 வோல்ட்டுக்கு மேல் இறங்கிய மொடியூல் உள்ளுக்குள் கசிகிறது. அதைக் கபானாவுக்குக் கொண்டுபோகாமல், மாற்றித் தருவதாகப் பேசி வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுங்கள். இந்தப் பேச்சைக் காசு கொடுக்குமுன் பேசி, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுத்தவற்றைப் பூட்டும்போது இரு பக்கமும் உலோகத் தகடு வைத்து, நீளப் போல்ட்டால் காரில் இருந்ததுபோலவே நெருக்கி இறுக்குங்கள். தளர்வாக அடுக்கிய மொடியூல் சீக்கிரம் உப்பும்.